வாய் திறக்கும் முன்பே தொடங்கும் வலி

பல்லுக்குச் சிகிச்சை முடித்து எழுந்தவரிடம் எவ்வளவு வலித்தது என்று அப்போதே கேட்டால் ஒரு பதில் வரும். மூன்று மாதம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரலாம். பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் ஜெர்ரி கென்ட் 1985இல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். எவ்வளவு வலிக்கும் என்று நோயாளிகள் முன்கூட்டி நினைத்திருந்தார்கள், முடிந்தவுடன் எவ்வளவு வலித்ததாகச் சொன்னார்கள், மூன்று மாதம் போனபின் எவ்வளவு வலித்ததாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பல் மருத்துவம் என்றாலே பதறுகிறவர்களிடம், மூன்று மாதத்துக்குப் பிந்தைய நினைவு அவர்கள் உண்மையில் பட்ட வலியைவிட, படப்போகிறோம் என்று பயந்திருந்த வலிக்குத்தான் நெருக்கமாக இருந்தது.

இதன் பொருள் பெரியது. மருத்துவர் எத்தனை நேர்த்தியாக வேலை செய்திருந்தாலும், பயந்த நோயாளியின் நினைவில் அந்த நேர்த்தி தங்குவதில்லை. அடுத்த முறை வருவதா வேண்டாமா என்பதை, பழைய பயம் திருத்தி எழுதிய நினைவைக் கொண்டுதான் அவர் முடிவுசெய்கிறார்.

பல் மருத்துவத்தில் மனமும் சமூகமும் எங்கெல்லாம் குறுக்கிடுகின்றன என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. அவற்றைத் தொகுத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பயம், கூச்சம், காசு ஆகிய மூன்றையும் தனித்தனித் தலைப்பாகப் பிரித்துப் பேசுவது நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒரே ஆளிடம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்த மருத்துவர் எடுக்கும் முயற்சியை நல்ல குணம், கனிவு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதுவும் சிகிச்சைதான், மரப்பு ஊசியைப் போல அதற்கும் அளக்கக்கூடிய பலன் உண்டு.

பயத்தையே அளக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் நார்மன் கோரா 1969இல் நான்கே கேள்விகளில் ஓர் அளவுகோலை உருவாக்கினார். நாளைக்குப் பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி இருக்கும்? பல்லைக் குடையும் கருவியை அவர் எடுக்கும்போது? பல்லைச் சுத்தம் செய்யத் தயாராகும்போது? இவைதான் அந்தக் கேள்விகள். பிரிட்டனில் ஜெர்ரி ஹம்ஃப்ரிஸும் அவருடைய குழுவினரும் 1995இல் ஈறில் போடும் ஊசி பற்றிய ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தார்கள், விடைகளையும் எளிதாக்கினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 5 முதல் 25. மதிப்பெண் 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் அச்சம். பிரிட்டனில் 2009இல் நடந்த தேசியப் பல்நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 12 சதவீதம் பேர் அந்த எல்லையைத் தாண்டியிருந்தார்கள். இந்தக் கேள்வித்தாள் தமிழிலும் இருக்கிறது. தமிழ் பேசும் நோயாளிகளிடம் சோதித்துச் சரிபார்க்கப்பட்டதும்கூட.

ஐந்தையும் நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். எதுவுமே எவ்வளவு வலித்தது என்று கேட்கவில்லை. எல்லாம் இனி நடக்கப்போவதைப் பற்றியவை.

பல் மருத்துவ நாற்காலியில் உட்கார்ந்தவர் நிலைமையை எண்ணிப் பாருங்கள். முதுகு சாய்கிறது, கால் உயர்கிறது, முகத்துக்கு நேரே விளக்கு. முகம் தெரியாதபடி முகக்கவசம் அணிந்த ஒருவர் தலைமாட்டில் உட்கார்கிறார். கருவித் தட்டு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் மட்டும் வருகிறது. வாயைத் திறந்தாயிற்று, இனிப் பேச முடியாது. எச்சிலை உறிஞ்சும் குழாய் நாக்கை இழுக்கிறது. என்ன நடக்கிறது, இன்னும் எத்தனை நிமிடம், வலித்தால் யாரிடம் எப்படிச் சொல்வது, எதுவும் தெரியாது. உடலின் வேறெந்த உறுப்புக்கும் நினைவோடு இருக்கும்போதே இப்படி ஒரு சிகிச்சை அன்றாடம் நடப்பதில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜேசன் ஆர்ம்ஃபீல்ட் 2006இல் முன்வைத்த கருத்து இதை நான்கு உணர்வுகளாகப் பிரிக்கிறது: நிலைமை என் கையில் இல்லை, அடுத்து என்ன வரும் என்று தெரியாது, ஏதோ ஆபத்து இருக்கிறது, அருவருப்பாக இருக்கிறது. வலி இந்த நான்கில் ஒன்றின் ஒரு பகுதிதான். மரப்பு மருந்து வந்து தலைமுறைகள் கடந்தும் பயம் ஏன் மரக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து 1943இலேயே சுவீடனில் கண்டறியப்பட்டுவிட்டது. அது வலியைப் பார்த்துக்கொள்ளும். மற்ற மூன்றையும் தொடாது.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? உளவியலாளர் ராக்மன் 1977இல் அச்சம் தொற்றும் வழிகள் மூன்று என்றார்: நேரடி அனுபவம், பிறரைப் பார்த்து வருவது, காதால் கேட்டு வருவது. பல் விஷயத்தில் மூன்றுமே நம் வீடுகளில் நடக்கின்றன. அடம்பிடிக்கும் பிள்ளையிடம் “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று மிரட்டாத வீடு எத்தனை? அப்பா தாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருப்பதைப் பிள்ளை பார்க்கிறது. ஒரு திருமண வீட்டில் யாரோ தன் கடவாய்ப் பல்லைக் குறடு வைத்து ஆட்டி ஆட்டி எடுத்த கதையைச் சொல்கிறார். கனடாவில் டேவிட் லாக்கரும் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பல் அச்சம் உள்ள பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அது சிறுவயதிலேயே தொடங்கியதாகச் சொன்னார்கள். மறுபாதிப் பேருக்கு அதற்குப் பிறகு வந்திருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஒரு மோசமான மருத்துவர் போதும், நாற்பது வயதிலும் பயம் பிறக்கும்.

ஆனால் மோசமான அனுபவம் பட்ட எல்லோரும் பயந்தாங்கொள்ளிகளாகி விடுவதில்லை. உளவியலாளர் கிரஹாம் டேவி 1989இல் இதற்கு ஒரு காரணம் காட்டினார். வலியில்லாத வருகைகள் முன்பே சில அமைந்தவர்களுக்கு, பின்னால் ஒருமுறை கடுமையாக வலித்தாலும் அது நிலையான அச்சமாக மாறும் வாய்ப்பு குறைவு. ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைக் காட்டி, சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பிய அந்தச் சாதாரண வருகைகளே பிற்காலத்துக்கான தடுப்பூசி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தடுப்பூசி கிடைப்பதில்லை. முகம் வீங்கி, இரவெல்லாம் அழுது, இனி வேறு வழியில்லை என்ற நிலையில்தான் அவர்களில் பலருக்கு முதல் வருகை அமைகிறது. சீழ் கோத்த இடத்தில் மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது என்பது மருத்துவர்கள் அனைவரும் அறிந்த உண்மை. ஆக, முதல் அனுபவமே மிக மோசமான அனுபவமாக இருப்பதற்கான ஏற்பாட்டை நாமே செய்துவைத்திருக்கிறோம்.

இதில் ஒரு பிரிவினரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பல் அச்சம் கடுமையாக இருப்பதை நார்வேயில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மல்லாந்து கிடப்பது, மேலே ஓர் ஆள் குனிவது, வாய்க்குள் பிறர் விரல், மறுப்புச் சொல்ல முடியாத நிலை. காரணத்தை அவர்கள் மருத்துவரிடம் சொல்லப்போவதில்லை. வாயைத் திறக்க மறுக்கிற பெண்ணிடம் எரிச்சல்படும் முன் இதை ஒரு நொடி நினைத்துப் பார்க்கும் பழக்கம் மருத்துவக் கல்வியிலேயே வர வேண்டும்.

சுவீடனின் உல்ஃப் பெர்க்ரன் 1984இல் ஒரு சுழலை விவரித்தார். பயத்தால் சிகிச்சை தள்ளிப்போகிறது. தள்ளிப்போனதால் பல் கெடுகிறது. கெட்ட பல்லைக் காட்ட வெட்கமாக இருக்கிறது. வெட்கம் பயத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழலில் ‘வெட்கம்’ என்ற கண்ணியைத்தான் நாம் மிகக் குறைவாகப் பேசியிருக்கிறோம். வாய் நாற்றத்துக்கு அஞ்சிக் கையால் மறைத்துப் பேசுகிறவர், புகைப்படத்தில் உதட்டை மூடிக்கொள்பவர், சிரிக்கும்போது முந்தானையை வாயருகே கொண்டுபோகும் பெண் என நம் எல்லோருக்கும் இவர்களைத் தெரியும். பத்து ஆண்டு தள்ளிப்போட்டுவிட்டு, பெரும்பாடு பட்டுத் துணிந்து வந்து உட்காருகிறவரிடம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? பல்லே தேய்க்கிறதில்லையா?” என்பதாக இருந்தால், அந்த ஒரு வாக்கியம் இன்னொரு பத்து ஆண்டைத் தின்றுவிடும். அக்கறையில்தான் கேட்கிறார், மறுக்கவில்லை. ஆனால் நோயாளி காதில் அது தீர்ப்பாக விழுகிறது.

இனிக் காசு. பல்வலி வந்தால் நம் ஊரில் வரிசை இப்படிப் போகிறது: உப்புத் தண்ணீர், கிராம்பு, கிராம்புத் தைலம், சிலருக்குப் புகையிலைத் துணுக்கு, பிறகு மருந்துக்கடையில் “பல்வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க”, நாலைந்து மாதம் இப்படியே ஓட்டியபின் டாக்டர். அங்கே வயதான ஒரு பாட்டியும் இளம் பெண் மருத்துவரும் பேசிக்கொள்வதை எந்த அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலும் கேட்கலாம்.

“இந்தப் பல்லைக் காப்பாத்தலாம் பாட்டி. வேர் சிகிச்சை பண்ணி கேப் போட்டா இன்னும் பல வருஷம் இருக்கும்.”

“வேணாம் தாயி, புடுங்கிடு.”

இதைக் கேட்டுக் கல்வி போதவில்லை, விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. அந்தப் பாட்டியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேர் சிகிச்சைக்குப் பல தடவை வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போகும், துணைக்கு வரும் மகள் அல்லது மருமகளின் கூலியும் போகும், பேருந்துச் செலவு வேறு. பல் எடுப்பது எங்கும் கிடைக்கும். வேர் சிகிச்சையும் கேப்பும் எல்லா ஊர் அரசு மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை, தனியாரிடம் போனால் ஆயிரக்கணக்கில் ஆகும். நாலு தடவை பயப்படுவதற்குப் பதில் ஒரே தடவை பயந்து முடித்துவிடலாம் என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. “புடுங்கிடு” என்ற சொல்லில் அறியாமையைவிட அனுபவம்தான் அதிகம். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும், பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும் என்ற நம்பிக்கைகளும் பரவலாக உண்டு. இரண்டுமே தவறு. மேல்தாடைப் பல்லின் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பில்லை. படிந்து இறுகிய காரையை நீக்கியதும், அதுவரை காரையே பிடித்து நிறுத்தியிருந்த பல் தன் உண்மையான ஆட்டத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் இந்த நம்பிக்கைகளை எள்ளி நகையாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பயத்துக்கு ஒரு கௌரவமான காரணம் தேவைப்படுகிறது. “எனக்குப் பயமாக இருக்கிறது”, “என்னிடம் காசில்லை” என்று சொல்வதைவிடக் “கண் போய்விடும்” என்று சொல்வது ஒருவருக்குச் சுலபம்.

பல்லைச் சமூகம்தான் எடுக்கவும் வைக்கவும் செய்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஏழை நாடு ஒன்றிலிருந்து வரவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968இல் பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாயில் ஒரு சொந்தப் பல்கூட இல்லை. அங்கே தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றில் கல்யாணத்துக்கு முன் பெண்ணின் பற்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பல் செட் கட்டிக்கொடுப்பது பெற்றோர் தரும் சீராகவே கருதப்பட்டது. வருங்காலத்தில் கணவனுக்குப் பல் செலவு வராது அல்லவா! அதே பிரிட்டனில் 2009 கணக்கெடுப்பில் பல்லே இல்லாதவர்கள் 6 சதவீதம்தான். மக்களின் உடற்கூறு அந்த நாற்பது ஆண்டில் மாறிவிடவில்லை. ஃபுளோரைடு பற்பசை வந்தது, சிகிச்சை எட்டும் தூரத்துக்கு வந்தது, சொந்தப் பல்லோடு முதுமையடைவது இயல்பு என்ற எண்ணம் வந்தது.

சிறுவயது வறுமை பல்லில் எத்தனை ஆழமாகப் பதிகிறது என்பதை நியூசிலாந்தின் டுனெடின் ஆய்வு காட்டியது. அங்கே 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை ஆய்வாளர்கள் விடாமல் பின்தொடர்ந்துவருகிறார்கள். அவர்களின் 26ஆம் வயதில் எடுத்த கணக்கு 2002இல் வெளிவந்தது. வறிய வீட்டில் வளர்ந்தவர்களிடம் ஈறு நோயும் சொத்தையும் வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. பெரியவர்களானபின் நல்ல வேலைக்குப் போய் முன்னேறியவர்களிடமும் அந்தப் பழைய தழும்பு முழுவதும் ஆறவில்லை. பல் மருத்துவருக்கு முன்னால் உட்காருவது முப்பது வயது ஆளாக இருக்கலாம். அவர் வாயில் இருப்பது ஐந்து வயதின் வரலாறு.

வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒரு விதியைச் சொன்னார்: நல்ல சிகிச்சை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கை ஓங்கும் இடத்தில் இந்த விதி இன்னும் கடுமையாக வேலை செய்கிறது. இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து முடித்த இளம் மருத்துவர்கள் வேலை கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். அதே நேரத்தில் கிராமத்தில் பல்வலிக்காரருக்கு மருந்துக்கடைதான் கதி. மருத்துவர்கள் நகரத்தில் குவிந்து கிடக்கிறார்கள். அமெரிக்காவுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 2007இல் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஒரு சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்குப் பரவியிருந்தது. அந்தப் பல்லை எடுக்க ஏறக்குறைய 80 டாலர்தான் ஆகியிருக்கும். காப்பாற்ற முயன்ற மருத்துவமனைச் செலவு இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை ஏற்கும் பல் மருத்துவர் கிடைக்காமல் அந்தத் தாய் அலைந்திருந்தாள். வாய் நோய்களோடு உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணிக்கைக்குள் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன.

நோயாளியின் மேல் பழி போடுவது எவ்வளவு அநியாயம் என்பதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தைப் பார்த்தால் போதும். அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு மேல் இருக்கிறது. பல் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் அந்த நீரைக் குடித்த பிள்ளைக்குப் பல் எனாமலிலேயே மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். எந்தப் பற்பொடியும் அதைப் போக்காது, ஏனென்றால் கறை மேலே படிந்ததன்று, உள்ளேயே விளைந்தது. ஆனால் வெளியூர்ப் பள்ளிக்கோ வேலைக்கோ போனால் ‘பல் விளக்காத ஊர்க்காரர்’ என்ற பேச்சு. பெண் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பார்த்துத் திரும்பிப் போவதும், நேர்காணலில் வாய்விட்டுப் பேசத் தயங்குவதும் அந்தப் பகுதி இளைஞர்கள் சொல்லும் துயரங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதை ஒரு குடிநீர்த் திட்டமாக மட்டும் நான் பார்க்கவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பயமில்லாமல் சிரிப்பதற்கு அரசு போட்ட செலவு அது. இத்தகைய நோயாளி பல் மருத்துவரிடம் வரும்போது வலி என்று சொல்ல எதுவும் இருக்காது. ‘அழகுக்காக வருகிறார்’ என்று அவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுகிறோம். அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நோய் வேறில்லை.

வெட்கம் உயிரையே குடிக்கும் இடமும் ஒன்று உண்டு. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. பாக்கும் புகையிலையும் போட்டுப் போட்டு, கன்னத்தின் உட்சவ்வு இறுகி, வாய் இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்காத நிலைக்கு வந்தபின்னும் பலர் காட்டுவதில்லை. தமிழ்நாட்டில் குட்கா 2013இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. அதனால் ‘போடுகிறேன்’ என்று ஒத்துக்கொள்வதற்கே இப்போது கூடுதல் தயக்கம். வெள்ளைத் திட்டு, ஆறாத புண் என எல்லாவற்றையும் முதலில் பார்க்கக்கூடியவர் பல் மருத்துவர்தான். அவரிடம் திட்டு வாங்குவோம் என்று பயந்து, புண் பெரிதானபின் புற்றுநோய் மருத்துவமனையில் போய் நிற்கிறார்கள்.

நாற்காலிக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லியும் சகாக்களும் 1985இல் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். ஞானப்பல் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஓர் ஊசி போடப்படும். அது வெறும் உப்புநீராக இருக்கலாம், வலியைக் கூட்டக்கூடிய மருந்தாக இருக்கலாம், வலியைக் குறைக்கும் ஃபென்டனிலாகவும் இருக்கலாம் என்று எல்லா நோயாளிகளிடமும் ஒரே மாதிரிச் சொல்லப்பட்டது. ஊசி போடும் மருத்துவர்களிடம் மட்டும் ஒரு வேறுபாடு. ஒரு குழுவுக்கு ஃபென்டனில் கிடைக்க வாய்ப்பே இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொரு குழுவுக்குக் கிடைக்கலாம் என்று தெரியும். ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பது இரண்டிலும் தெரியாது. நோயாளிகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிவு: வெறும் உப்புநீர் பெற்றவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, நல்ல மருந்து கிடைக்கலாம் என்று மருத்துவர் நம்பிய குழுவில் ஒரு மணி நேரத்தில் வலி இறங்கியிருந்தது. கிடைக்காது என்று அவர் அறிந்திருந்த குழுவில் வலி ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் அதே உப்புநீர். மருத்துவரின் முகத்தில், குரலில், கையில் எது மாறியது என்று யாராலும் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் நோயாளியின் உடல் அதைப் படித்துவிட்டது.

இன்னொன்று ஒஹையோவில் 1998இல் நடந்தது. பல் மருத்துவ மாணவர்கள் 11 பேர் தங்கள் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிய காயம் ஏற்படுத்திக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஒன்று கோடை விடுமுறையில். மற்றொன்று பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்பு. விடுமுறைக் காயத்தைவிடத் தேர்வுக் காயம் ஆற சராசரியாக மூன்று நாள், அதாவது 40 சதவீதம், கூடுதலாக எடுத்தது. மனக்கவலை வாய்ப் புண்ணின் ஆறும் வேகத்தையே மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா? நடுங்கும் நோயாளியை நிதானப்படுத்தியபின் பல்லை எடுப்பது, எடுத்த குழி ஆறுவதற்கும் உதவக்கூடும்.

செய்யக்கூடியவை எளியவை, பெரும்பாலும் செலவில்லாதவை. “வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்” என்று முன்கூட்டிச் சொல்வதும், கை உயர்ந்ததும் உண்மையிலேயே நிறுத்துவதும் முதல் படி. நிறுத்தாவிட்டால் அந்தச் சைகையைக் கற்றுக்கொடுத்ததே தீங்கு. ஊசி போடும் முன் ஈறில் மரப்புக் களிம்பைத் தடவி, அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் காத்திருந்து, கன்னத்தை லேசாக இழுத்துப் பிடித்து, மருந்தை மிக மெதுவாகச் செலுத்தினால் பலருக்கு ஊசி போட்டதே தெரியாது. வலிக்குக் காரணம் ஊசி முனையைவிட, வேகமாகப் பாயும் மருந்தின் அழுத்தம்தான். குழந்தைகளிடம் சொல்லி, காட்டி, பிறகு செய்யும் முறை 1959 முதல் அறியப்பட்டது: கருவியின் பெயரைச் சொல்வது, அதன் சத்தத்தைக் கேட்கவிட்டு நகத்தில் வைத்துக் காட்டுவது, அதற்குப் பின்தான் பல். “வலிக்கவே வலிக்காது” என்பது மட்டும் கூடாது. ஒரு முறை பொய்யானால் அடுத்த எல்லாச் சொல்லும் பொய்யாகிவிடும். “எறும்பு கடிச்ச மாதிரி கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்” என்பது உண்மை; எத்தனை நேரம் என்பதையும் சொல்லிவிடுகிறது.

கடும் அச்சத்துக்கு மயக்க மருந்துதான் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. மயக்கத்தில் ஒருநாள் வேலை முடிந்துவிடும். பயம் அப்படியே இருக்கும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டிம் நியூட்டன் குழுவினர் பல் அச்சம் உள்ளவர்களுக்குச் சில அமர்வுகள் உளவியல் சிகிச்சை தந்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மயக்க மருந்தே இல்லாமல் பல் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 79 சதவீதம். இதே போல, குடையும் கருவியையே தவிர்க்கும் முறைகளும் இருக்கின்றன. மின்சாரமில்லாத தான்சானியக் கிராமங்களுக்காக 1980களின் நடுவில் உருவான முறையில் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்துவிடுவார்கள். சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைப் பூசினால் சொத்தை பரவுவது நிற்கும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பயத்துக்கும் வறுமைக்கும் ஒருசேர உதவும் மருந்து. ஆனால் பூசிய இடம் கறுத்துவிடும், அதனால் முன்பல்லுக்கு வேண்டாம் என்று பெற்றோர் மறுப்பார்கள். தருமபுரியில் பழுப்புக் கறை படுத்தும் பாட்டை அறிந்தவர்கள் அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல மாட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் காலையில் வரிசை கட்டி நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச ஏது நேரம் என்று மருத்துவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஒரே இடத்தில் குனிந்து நின்று, மணிக்கணக்கில் நடுங்கும் வாய்களுக்குள் வேலை செய்கிறவருக்கும் முதுகும் மனமும் உண்டு. அவர்களுக்காகவே பிரிட்டனில் 2002இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அச்சம் உள்ள நோயாளிகள் காத்திருக்கும்போது அந்த ஐந்து கேள்விகள் கொண்ட தாளை நிரப்பினார்கள். ஒரு பாதிப் பேர் அதை மருத்துவர் கையில் கொடுத்தார்கள், மறுபாதிப் பேர் கொடுக்கவில்லை. மருத்துவர்களுக்குத் தனிப் பயிற்சி எதுவும் தரவில்லை. தாளைக் கொடுத்தவர்களின் பதற்றம், சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோது மற்றவர்களைவிட அதிகம் குறைந்திருந்தது. தான் பயப்படுவது அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதே பாதி ஆறுதல்.

கேள்விகள் தமிழில் இருக்கின்றன. ஓ.பி. சீட்டு எழுதும் இடத்திலேயே அவற்றைக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சீட்டு எழுதுகிறவரோ செவிலியரோ வாசித்துக் காட்ட ஓரிரு நிமிடம் ஆகும். கூட்டல் தொகையைச் சீட்டின் மூலையில் எழுதிவிட்டால், அடுத்த அறையில் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் மருத்துவர் 21 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, கருவித் தட்டைத் தொடும் முன் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்.